குழந்தைகளின் காய்ச்சலும் குருதி நஞ்சும்

ஒரே வீட்டில் ஒரே பாயில் உறங்கும் குழந்தைகள் இருவருக்கு ஒரே நாளிற் காய்ச்சல் காண்கின்றது. ஒருவன் மூன்றாம் நாள் எழுந்து தெருவில் ஓடியாடுகின்றான். மற்றவனோ மூன்றாம் நாள் மூச்சிரைத்துக் கைகால் சில்லிட்டு, நான்காம் நாள் இறந்துபடுகின்றான். வீட்டார் இதனை விதி என்பர். அண்டையார் கண்ணேறு என்பர். 'இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டதாம்' என்று ஆஸ்பத்திரிக்கு உடன் சென்றுவந்த ஒருவர் மெல்லச் சொல்வர். ஆரணியில் நெசவாளர் தெருவிற் பிறந்து வளர்ந்த எமக்கு இம்மூன்று விடைகளும் இளமைதொட்டுக் கேட்டுப் பழகியவை. இவற்றுள் மூன்றாவதே உண்மைக்கு அணித்தாயது. அவ்விஷம் எத்தகைய குழந்தைக்கு எளிதில் ஏறும் என்பதை ஓரளவேனும் முன்னர் அறிந்துகொள்ளல் இயலும் என்பதே ஈண்டு யாம் கூறப்புகுவது. யாம் தமிழ் பயில்வோமேயன்றி மருத்துவம் பயில்வோமல்லேம். ஆயினும், மருத்துவர் தம் ஆராய்ச்சி வெளியீடுகளிற் சொல்லியவை பல நம்மூர்த் தாய்மார் அறிந்திருக்க வேண்டுவன. அவை ஆங்கிலத்திலேயே கிடத்தல் தகாதென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது. மருத்துவர் இதனைச் 'செப்சிஸ்' என்பர். அது கிரேக்கச் சொல். அழுகுதல் என்பது அதன் பொருள். ஹிப்போக்கிரட்டீஸ் காலந்தொட்டு வழங்கிவருவது. தமிழில் 'குருதி நஞ்சு' என்று யாம் எழுதுகின்றோம்; எனினும் இப்பெயர் பாதியளவே பொருந்தும் என்பதையும் உடன் சொல்லிவிடுதல் வேண்டும். குருதியிற் கிருமி கலந்திருப்பதனாலேயே குழந்தை இறப்பதில்லை. நுரையீரலிலோ குடலிலோ சிறுநீர்ப்பையிலோ தோலிலோ புகுந்த கிருமியை எதிர்க்க உடல் தன் படையை எழுப்புகின்றது. அப்படை அளவோடு நின்று பொருதால் காய்ச்சல் தணிந்து குழந்தை பிழைக்கும். சிற்சில வேளை அது வரம்பு கடந்து, பகைவனை விடுத்துத் தன் நாட்டையே எரிக்கத் தொடங்கிவிடும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் கசிகின்றன. சிலவற்றுள் இரத்தம் உறைந்து அடைக்கின்றது. நுரையீரல், மூளை, சிறுநீரகம் முதலிய உறுப்புகள் வேண்டிய குருதி பெறாது பட்டினி கிடக்கின்றன. இந்நிலையே செப்சிஸ். கிருமி சிறிதாயினும் இது நேரலாம். கிருமி பெரிதாயினும் நேராதொழியலாம்.

2005-ஆம் ஆண்டில் வகுத்த இலக்கணம் ஒன்று நெடுநாள் வழங்கிற்று. காய்ச்சல், நாடித் துடிப்பு, மூச்சு விரைவு, வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து அது செப்சிஸை வரையறுத்தது. சாதாரணச் சளிக்காய்ச்சலில் அழும் குழந்தைக்கும் இவையெல்லாம் மிகுமாதலின், அவ்விலக்கணம் வேண்டாதவரையும் உள்ளிழுத்துக்கொண்டது. 2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் புதியதோர் இலக்கணம் வெளியாயிற்று. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் அறிவிக்கப்பட்டதனால் அதற்குப் பீனிக்ஸ் அளவை என்று பெயர். சாம்பலினின்று எழும் பறவையின் பெயர் இதற்கு வாய்த்தது நல்லதே. மூச்சு, இரத்த ஓட்டம், இரத்தம் உறைதல், மூளையின் விழிப்பு ஆகிய நான்கினும் எவை எவ்வளவு கெட்டுள்ளன என்று மதிப்பெண் இட்டு, தொற்றுள்ள குழந்தைக்கு இரண்டோ அதற்கு மேலோ வந்தால் அது செப்சிஸ் எனக் கொள்ளுவர். அமெரிக்கா, கொலம்பியா, வங்காளதேசம், சீனா, கென்யா ஆகிய ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிப் பதிவுகள் முப்பது லட்சத்திற்கு மேற்பட்டவற்றை ஆய்ந்து இதனை அமைத்தனர். இந்தியக் குழந்தைகளின் பதிவுகள் அதிற் சேராதது எமக்கு ஒரு குறையாகவே படுகின்றது.

அவ்வாராய்ச்சியிற் கண்ட ஒரு கணக்கு, இக்கட்டுரை முழுதுக்கும் அடிப்படை எனலாம். இரண்டு மதிப்பெண்ணும் அதற்கு மேலும் பெற்ற குழந்தைகளுள், வசதி மிக்க ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 7.1 பேர் இறந்தனர். வசதி குறைந்தவற்றில் நூற்றுக்கு 28.5 பேர் இறந்தனர். நோய் ஒன்றே, மதிப்பெண் ஒன்றே, இறப்போ நான்கு மடங்கு. ஆதலின் ஒரு குழந்தையின் ஆபத்து அதன் உடம்பில் மட்டும் இல்லை. அது பிறந்த வீட்டிலும், வீட்டிற்கும் ஆஸ்பத்திரிக்கும் இடைப்பட்ட சாலையிலும், அச்சாலையின் முடிவில் உள்ள கட்டிலிலும் இருக்கின்றது.

2017-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் கண்டதென்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் அதனோடு இறந்தனரென்றும் 2020-ல் வெளிவந்த கணக்கொன்று கூறும். அவருள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் இரண்டு கோடிக்கு மேல். அக்குழந்தைகளில் இறந்தோர் 29 லட்சம். தமிழ்நாடு முழுவதிலும் ஓராண்டிற் பிறக்கும் குழந்தைகள் அனைவரையும் சேர்த்தாலும் அத்தொகை வாராது.

நிற்க. ஆபத்தை மிகுவிக்கும் காரணங்களுள் முதலாவது வயது.

பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் குழந்தையின் மூன்றாந் திங்கள் முதலாகப் பாடுதல் மரபென்று பாட்டியல் நூல்கள் கூறும். காப்புப் பருவத்தில் தெய்வங்களை அழைத்துக் குழந்தையைக் காக்க வேண்டிய பின்னரே, தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரையும், தாலும், சப்பாணியும் தொடரும். பிறந்தவுடன் ஏன் பாடவில்லை என்று வகுப்பில் ஒருமுறை வினா எழுந்தது. இலக்கணத்தார் கூறும் காரணம் எதுவாயினும், மருத்துவர் தரும் கணக்கைப் பார்க்குங்கால் யாம் ஒன்று எண்ணினோம்: புலவர் வாய் திறவாத அந்த முதல் இரண்டு திங்களே குழந்தையின் வாழ்நாளில் மிகக் கொடிய காலம். அதிலும் முதல் 28 நாள். அதிலும் முதல் மூன்று நாள். தில்லி நகரின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 13,530 பச்சிளங் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், செப்சிஸ் கண்டவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பிறந்து 72 மணி நேரத்திற்குள்ளேயே வந்தன. நிகழ்ந்த இறப்புகளுள் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறையச் செப்சிஸே காரணமாயிற்று.

என்னை காரணம் எனின், தாயின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சேர்வது பெரும்பாலும் கருவின் கடைசித் திங்களிலேயே. குறைமாதத்திற் பிறந்த குழந்தை அச்சீதனத்தைப் பெறாமலே வருகின்றது. அதன் தோலும் மெல்லியது, குடலும் முதிராதது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த எடையோடு பிறந்தாலும் இத்தகைய இடரே. பிரசவத்திற்கு முன் பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழிதலும், தாய்க்குக் காய்ச்சல் இருத்தலும், தொப்புள்கொடியைத் தூய்மையற்ற கத்தியால் அறுத்தலும் இடரை இன்னும் பெருக்கும். கடைசியாகச் சொன்னது ஆஸ்பத்திரிப் பிரசவம் பரவிய நம் நாட்டுப் பகுதியில் இன்று அரிதாயிற்று. ஆனால் கொடி அறுத்த புண்ணில் வீட்டுக்கு வந்தபின் எண்ணெயும் மஞ்சளும் சாம்பலும் இடும் வழக்கம் முற்றும் ஒழிந்தபாடில்லை.

'சேனை' வைத்தல் என்னும் வழக்கத்தைப் படிப்போர் பலரும் அறிவர். பிறந்த குழந்தையின் நாவிற் பெரியவர் ஒருவர் சர்க்கரை நீரோ தேனோ தொட்டுவைப்பது. வைப்பவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. குணம் வருமோ யாம் அறியோம். விரலில் உள்ள கிருமி வரும் என்பதில் ஐயமில்லை. முதல் ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுவதும், ஆறு திங்கள் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் கொடாமையும் குழந்தைக்கு இடக்கூடிய முதற் கவசம். ஒரிசா நாட்டுக் கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளிடம் நடத்தி 2017-ல் வெளியிட்ட சோதனை ஒன்று வியப்புத் தருவது. தாய்ப்பால் உண்ணும் நிறைமாதக் குழந்தைகளுக்கு, தயிர், ஊறுகாய் போன்றவற்றிற் காணும் இனத்தைச் சேர்ந்த நன்மை செய்யும் நுண்ணுயிரை ஒரு வாரம் கொடுத்தனர். கொடுக்கப்பெற்றவரிடம் செப்சிஸும் இறப்பும் சேர்ந்து நூற்றுக்கு 40 அளவு குறைந்தன. இதனைப் படித்துவிட்டுத் தயிர் ஊட்டத் தொடங்குதல் கூடாது. அவர் கொடுத்தது தேர்ந்தெடுத்துத் தூய்மையாக்கிய மருந்து. குடலின் காவல் எத்துணைப் பெரிது என்பதற்கே இதனை இங்கே எடுத்துக்காட்டினோம்.

எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல்படக் கட்டிவைக்கும் முறையும் அத்தகையதே. தில்லியும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கும் சேர்ந்து நடத்தி 2021-ல் வெளியிட்ட சோதனையில், பிறந்தவுடனே அங்ஙனம் அணைத்துவைக்கப்பட்ட குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12. நிலைபெற்ற பின்னரே அணைக்கப்பட்டவருள் 15.7. இதற்கு இயந்திரம் ஒன்றும் வேண்டா. தாய் வேண்டும், அவளுக்கு இடந்தரும் ஆஸ்பத்திரி வேண்டும்.

இரண்டாவது காரணம் ஊட்டக்குறை. ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்கு இது பின்புலமாய் நிற்பதென உலக சுகாதார நிறுவனம் சொல்லும். மெலிந்த குழந்தையின் எதிர்ப்படை எண்ணிக்கையிலும் குறைவு, விரைவிலும் குறைவு. இதில் தாய்மாரை ஏமாற்றும் ஒரு சூழ்ச்சி உண்டு. கடும் மெலிவுற்ற குழந்தைக்குப் பெருந்தொற்று வந்தாலும் காய்ச்சல் அடியாமற் போகலாம். உடம்பு சூடேறுவதற்கும் வலிமை வேண்டுமன்றோ? அத்தகைய குழந்தையின் உடம்பு குளிர்ந்திருத்தலே தீக்குறி. 'உடம்பு சுடவில்லையே' என்று வீட்டில் வைத்திருந்து இழந்த குழந்தைகள் பலர். பச்சிளங் குழந்தைக்கும் இஃது ஒக்கும். மெலிவை அறிய எளிய வழி ஒன்றுண்டு: ஆறு திங்கள் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கை நடுவிற் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறையின் கடும் மெலிவு. அங்கன்வாடிப் பணியாளரிடம் இதனை அளக்கும் நாடா உண்டு.

வைட்டமின் 'ஏ' பற்றிய கதையையும் இவ்விடத்திலே சொல்ல வேண்டும். ஏனெனில் அது தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த மருத்துவர் லட்சுமி ரஹ்மத்துல்லா முதலியோர், பள்ளி வயதை எட்டாத 15,419 குழந்தைகளுட் பாதிப்பேருக்கு வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் 'ஏ' கொடுத்து ஓராண்டு கவனித்து, 1990-ல் முடிவை வெளியிட்டனர். கண்பார்வையைக் காக்கும் என்று நெடுங்காலமாக அறியப்பட்ட அப்பொருள், இறப்பை நூற்றுக்கு 54 அளவு குறைத்ததென்று கண்டனர். இம்மாதிரிச் செய்தியை அப்படியே எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் உரியதாகக் கொள்வதும் தவறு. உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013-ல் வெளிவந்த பெருஞ்சோதனை அத்துணைப் பயனைக் காணவில்லை. ஊட்டம் மிகக் குறைந்த இடத்தில் ஒரு துளியும் பெரும்பயன் தரும்; குறையாத இடத்தில் தராது என்று யாம் உணர்கின்றோம். அரசினர் ஒன்பதாம் திங்கள் முதல் ஆறு திங்களுக்கு ஒருமுறை இம்மருந்தைக் கொடுத்துவருகின்றனர்.

உடன்பிறந்த நோய்கள் மூன்றாவது காரணம். இதயத்தில் துளையோடு பிறந்தவர், மண்ணீரல் நீக்கப்பட்டவர், புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், சிறுநீரக நோய்க்காக ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகிய குழந்தைகளுக்கு ஒருநாட் காய்ச்சலும் பெரிதே. தட்டம்மையை இவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும். அம்மை இறங்கிவிட்டது, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்று வீட்டார் நிம்மதி கொள்வர். ஆனால் அந்நோய் உடலின் நினைவை அழித்துவிட்டுப் போகின்றது. முன்னர்க் கண்ட கிருமிகளை எதிர்க்கச் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பொருள்களுள் நூற்றுக்கு 11 முதல் 73 வரை தட்டம்மைக்குப் பின் மறைந்துபோயின என்று ஹாலந்து நாட்டுக் குழந்தைகளிடம் ஆய்ந்து 2019-ல் வெளியிட்டனர். கற்ற பாடமெல்லாம் மறந்த மாணவன் பரீட்சை மண்டபத்தில் நிற்கும் நிலையை நம் கல்லூரியார்க்கு விரித்துரைக்க வேண்டா. தடுப்பூசி ஒன்றே இதற்கு வழி. ஐவகை நோய்களைத் தடுக்கும் ஒற்றை ஊசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பெற்றது. கபவாத சுரத்தை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்குரிய ஊசி 2021-ல் நாடெங்கும் விரிவாயிற்று. இவை இடப்பெறாத குழந்தை கவசமின்றிக் களம்புகுவதாகும்.

தோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பட்டுநூலைப் பசை போக வேகவைக்கும் அண்டாவும், சாயம் காய்ச்சும் அண்டாவும் எம்மூரார்க்குப் புதியனவல்ல. கொதிநீர் பட்டு வெந்த குழந்தைக்கு முதல் நாள் துன்பம் எரிச்சல். அடுத்த வாரத்துத் துன்பம் செப்சிஸ். தோல் என்னும் மதில் இடிந்த இடத்திற் கிருமி தடையின்றி நுழையும். சொறியும் சிரங்கும் கட்டியும் சிறியனவாயினும் மதிலில் விழுந்த ஓட்டைகளே.

இனி நம் பகுதிக்கே உரிய ஒரு கிருமியைச் சொல்லாமற் போதல் இயலாது. மழைக்குப் பின் வரும் குளிர்ந்த திங்கள்களில், புதரும் புல்லும் மண்டிய இடங்களில், கண்ணுக்குப் புலப்படாத ஒருவகை உண்ணியின் குஞ்சுகள் கடிப்பதனால் 'ஸ்க்ரப் டைபஸ்' என்னும் காய்ச்சல் வருகின்றது. வேலூரைச் சுற்றிய நாட்டுப்புறத்தில் இது மிகுதி. கடித்த இடத்தில் சுருட்டு நெருப்புப் பட்டாற்போலக் கரிய பொருக்கு ஒன்று காணும், வலியாது, அக்குளிலோ தொடையிடுக்கிலோ காதின் பின்புறமோ மறைந்திருக்கும். குழந்தையின் ஆடையை முற்றும் நீக்கிப் பார்த்தாலன்றித் தெரியாது. பென்சிலின் இனத்து மருந்துகள் இதன்முன் செல்லா. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். உரிய காலத்திற் கொடுப்பின் ஓரிரு நாளிற் காய்ச்சல் இறங்கும். தவறின் செப்சிஸ் முற்றி நுரையீரலும் மூளையும் கெடும். வயதுவந்தோரிடம் இக்கொடுநிலை கண்டபோது இரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தல் ஒன்றைக் கொடுப்பதினும் நன்றென்று 2023-ல் நிறுவியவர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் அவர்தம் தோழருமே. கிருமி இன்னதென்று தெரியாமல் கைக்கு வந்த மருந்தைக் கொடுத்தல் எத்துணைப் பிழை என்பதற்கு இஃதொரு சான்று. கைக்கு வந்ததைக் கொடுத்ததன் விளைவை மேற்கூறிய தில்லி ஆராய்ச்சியே காட்டும்: அங்கே மிகுதியாகக் கண்ட அசினிட்டோபாக்டர் என்னும் கிருமியில் நூற்றுக்கு 82 பல மருந்துகளுக்கும் அடங்காதனவாயிருந்தன. மருந்துக் கடையில் 'காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை' என்று கேட்டுவாங்கும் வழக்கத்தை யாம் வெறுக்கும் காரணம் இதுவே.

இத்துணைக் காரணங்களும் தனித்தனியே நிற்பதில்லை. பாவில் ஓரிழை அறுந்தால் நெய்வோர் முடிந்துகொண்டு மேற்செல்வர். ஒரே இடத்தில் அடுத்தடுத்துப் பத்திழை அறுமாயின் சேலை அவ்விடத்திற் கிழியும். குறைமாதத்திற் பிறந்து, மெலிந்து, ஊசி தவறி, நோயுற்ற நான்காம் நாள் ஆஸ்பத்திரி சேரும் குழந்தையின் நிலை அத்தகையது.

நான்காம் நாள் என்றோம். எமது எண்ணத்தில் எல்லாவற்றிலும் பெரிய காரணம் அந்நான்கு நாளே.

நெசவாளர் வீட்டில் அந்நான்கு நாளும் எங்ஙனம் கழிகின்றன? தறி வீட்டினுள்ளேயே இருக்கின்றது. தறிக்குழியில் தந்தை இறங்குவார். தாய் நூல் சுற்றுவாள். அருகே தூளியிற் குழந்தை. கூலி நாளுக்கன்று, சேலைக்கு. பாதி நெய்த சேலையை விட்டெழுந்து வேலூர் செல்வதென்றால் அன்றைய உணவும் அடுத்த வாரத்துத் தவணையும் போயின. ஆதலின் முதல் நாள், 'பல் முளைக்கிற காய்ச்சல்தான், கை வைத்தியம் பார்க்கலாம்' என்று ஆயா சொல்லக் கேட்டு அமைவர். இரண்டாம் நாள் தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்வர். அவர் குழந்தையின் வயிற்றிலிருந்து ஏதோ ஒன்றை எடுத்துக் காட்டுவார். வேப்பிலை அடித்துக் கயிறும் கட்டுவர். மூன்றாம் நாள் கடை மருந்து. யாரும் அன்பின்மையால் இவற்றைச் செய்வதில்லை. செலவில்லாத வழிகளை முதலிலும் செலவுள்ள வழியைக் கடைசியிலும் வைப்பது எளியோர் கணக்கு. அக்கணக்கைப் பழிப்பது எளிது. எந்தக் குறி கண்டால் அக்கணக்கை மூடிவிட்டு எழவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதே பயனுள்ளது.

அக்குறிகளுள் ஒன்று எம்மூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரிற் கண்டறியப்பட்டது என்று எழுதுகையில் எமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், இருமலோடு வரும் குழந்தைகளுள் நுரையீரற் காய்ச்சல் உள்ளவரைக் கருவி ஏதுமின்றிப் பிரித்தறிதல் கூடுமா என்று ஆய்ந்து 1988-ல் வெளியிட்டனர். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை நிமிஷத்துக்கு 50-க்கு மேலும், ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை 40-க்கு மேலும் மூச்சுவிட்டால், அல்லது மூச்சை இழுக்குந்தோறும் மார்பு உட்குழிந்தால், நோய் நுரையீரலிற் புகுந்துவிட்டது என்று கொள்ளலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. பாப்புவா நியூகினியாவிலும் இத்தகைய ஆராய்ச்சி முன்னரே நடந்திருந்தது. இவையெல்லாம் சேர்ந்து உலகெங்கும் கிராமச் சுகாதாரப் பணியாளர் கையாளும் விதியாயின. இரண்டு திங்களுக்குட்பட்ட குழந்தைக்கு எல்லை 60. குழந்தை அழாமல் அமைதியாயிருக்கும்போது, ஒரு முழு நிமிஷம், வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். கைக்கடிகாரம் ஒன்று போதும். இக்காலத்தில் கைபேசி இல்லாத வீடு ஏது?

மற்றக் குறிகள்: பால் குடியாமை அல்லது நீரும் விழுங்காமை, உட்கொண்டதெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினும் விழியாத மயக்கம். இந்நான்கில் ஒன்று காணினும் அந்நாழிகையே புறப்படவேண்டும். இவற்றோடு, உடம்பு சுடும்போதே கையுங் காலும் சில்லிட்டிருத்தல். விரல் நுனியை வெளுக்க அழுத்தி விடுங்கால் மூன்று வினாடி கழிந்தும் சிவப்பு மீளாமை. ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை. அழுத்தினும் மறையாத செந்நீலப் புள்ளிகள். இரத்த அழுத்தம் அளந்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று யாரேனும் கூறின் அதனால் மட்டும் ஆறுதல் கொள்ளற்க. குழந்தையின் இதயம் விரைந்தடித்து அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப்பிடிக்கும். அது விழும்போது காலம் பெரிதும் கடந்திருக்கும். தாய் 'இவன் எப்போதும்போல் இல்லை' என்று சொல்வதையும் ஒரு குறியாகவே கொள்ளவேண்டும் என்று இக்காலத்து மருத்துவர் வற்புறுத்துகின்றனர். ஆயிரம் நாள் பார்த்த கண்ணன்றோ அது.

ஆஸ்பத்திரி சேர்ந்தபின் காலம் மணிக்கணக்காகச் சுருங்குகின்றது. அதிர்ச்சி நிலையிலுள்ள குழந்தைக்கு ஒரு மணி நேரத்திற்குள்ளும், அதிர்ச்சியில்லாத செப்சிஸுக்கு மூன்று மணி நேரத்திற்குள்ளும் கிருமிக்கொல்லி மருந்து ஏறவேண்டும் என்பது 2020-ல் பன்னாட்டு மருத்துவர் வகுத்த விதி. நியூயார்க் மாகாணத்தில், கையிற் பட்ட சிராய்ப்பினால் 2012-ல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். முதலில் வயிற்றுக் கோளாறென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். அடுத்த ஆண்டே அம்மாகாணம், ஆஸ்பத்திரி ஒவ்வொன்றும் செப்சிஸைக் கண்டறிந்து விரைந்து மருந்தளிக்கும் முறையை வகுத்துக்கொள்ள வேண்டுமென்று சட்டம் செய்தது. அதன்பின் 54 ஆஸ்பத்திரிகளில் 1,179 குழந்தைகளின் பதிவுகளை ஆய்ந்தபோது, குருதிச் சோதனை, மருந்து, நீர் ஆகிய மூன்றும் முதல் மணிக்குள் முடிந்தவரிடம் இறப்பு குறைந்திருக்கக் கண்டனர்.

விரைவு நன்றென்றதனால் மிகுதியும் நன்றாகாது. செப்சிஸில் நரம்பு வழியாக உப்புநீரை விரைந்து ஏற்றுதல் உயிர்காக்கும் என்று உலகமெலாம் நம்பியிருந்த காலத்தில், உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் அதனைச் சோதித்து 2011-ல் வெளியிட்டனர். விரைந்து நீர் பெற்றவருள் 48 மணிக்குள் இறந்தோர் நூற்றுக்குப் பத்தரை, பெறாதவருள் 7.3. மூச்சுக்கருவி முதலிய துணைகள் இல்லாவிடத்து, நன்மருந்தென நினைத்ததே கேடு செய்தது. பணக்கார நாட்டு விதியை ஏழை நாட்டில் அப்படியே பெயர்த்து நடுதல் ஆகாது என்று உலகம் அன்று கற்றது.

அதற்கு நேர்மாறாக, ஏழைக் கிராமமே உலகுக்கு விதி கற்பித்ததும் உண்டு. மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் மருத்துவர் அபய் பங், ராணி பங் தம்பதியர், சிறிது எழுத்தறிவுடைய கிராமப் பெண்களுக்குப் பச்சிளங் குழந்தையின் செப்சிஸை அறியவும், வீட்டிலேயே ஊசி மருந்து இடவும் பயிற்றினர். மூன்றாம் ஆண்டில் பச்சிளங் குழந்தைகளின் இறப்பு, ஒப்பிட்ட கிராமங்களினும் நூற்றுக்கு 62 அளவு குறைந்தது. இது வெளியானது 1999-ல். ஆஸ்பத்திரிக்குக் குழந்தை வர இயலாதெனின் மருந்து குழந்தையிடம் சென்றது. நம் பக்கத்தில் இவ்வெண்ணம் புதிதன்று. 1900-ல் வேலூரிற் பணி தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர், சாலையோர மரநிழலில் வண்டியை நிறுத்தி நோயாளரைப் பார்த்தவர். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் செல்லும் சாலையிற் குறுக்கிடும் கணியம்பாடி வட்டாரத்தில், அவர் நிறுவிய கல்லூரியின் சமுதாய நல மருத்துவத் துறையினர் பிறப்பு இறப்புகளை வீடுதோறும் பதிந்து பல்லாண்டாகக் காத்துவருகின்றனர். எந்த வீட்டில் எந்தக் குழந்தை ஆபத்தில் உள்ளது என்று முன்னரே அறிந்திருப்பதற்கு அதனினும் நல்ல வழி எமக்குத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறந்தோர் 13. இந்தியா முழுவதற்கும் 28. 2008-ல் தொடங்கிய 108 வண்டியும், ஊர்தோறும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும், ஊசியும் இதிற் பங்குடையன. ஆரணியில் அரசினர் ஆஸ்பத்திரி உண்டு. அடுக்கம்பாறையில் அரசினர் மருத்துவக் கல்லூரி உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் குழந்தைக்கு மூச்சிரைத்தால் விடியட்டும் என்று காத்திருக்கும் தேவை இன்று இல்லை.

பிழைத்து வீடு திரும்பிய குழந்தையைப் பற்றி ஒன்று கூறவேண்டும். செப்சிஸினின்று மீண்டவர் ஆஸ்பத்திரியை விட்டு வந்த பின் சில திங்கள் வரை மீண்டும் நோயுறுதலும் இறத்தலும் மற்றக் குழந்தைகளினும் மிகுதி. மெலிந்தவருக்கும், ஆறு திங்கள் நிரம்பாதவருக்கும், மருத்துவர் சொல்லுமுன்னே பெற்றோர் பெயரை வெட்டிக்கொண்டு அழைத்துவந்தவருக்கும் இஃது இன்னும் மிகுதி. காய்ச்சல் நின்றதும் தறிக்குத் திரும்ப வேண்டிய அவசரம் யாவரும் அறிந்ததே. ஆயினும் கொடுத்த மருந்தை முடியும் நாள் வரை கொடுத்தலும், இரு வாரம் கழித்து எடை பார்த்தலும், மறுமுறை காய்ச்சல் கண்டால் அதனை முதற் காய்ச்சலாக எண்ணாமல் ஆஸ்பத்திரிச் சீட்டோடு அன்றே செல்லுதலும் வேண்டும்.

அச்சீட்டை வீட்டிற் பஞ்சாங்கம் தொங்கும் ஆணியிலேயே மாட்டிவைத்தல் நலம், தேடுங்கால் கிடைக்கும்.